சுவரில் ஏறும் ஓதம், தரைக்கு அடியில் தேங்கும் நீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு ஈரத்தைப் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை தரையிலும், தரைக்கு அடியிலும், சுவரின் கீழ்ப்பகுதியிலும் தங்கும் ஈரம் குறித்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீடு பாளையங்கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கட்டி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பட்டாசாலைச் சுவரில் இடுப்பு உயரம் வரை ஓதம் அடித்துப் பூச்சு பொரிந்து உதிர்கிறது. இரண்டு முறை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, வாட்டர்புரூஃப் கலவை சேர்த்துப் பூசி, விலை உயர்ந்த பெயிண்டும் அடித்துவிட்டோம். ஒரே மழைக்காலத்தில் மறுபடியும் உதிர்ந்துவிட்டது. அதோடு ஈரம் முன்பைவிட ஓர் அடி மேலே ஏறியிருக்கிறது. இன்னும் கெட்டியான கலவையாகப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
— வாசகி, மேலப்பாளையம்

பதில்: தயவுசெய்து மூன்றாவது முறையாக அதே வேலையைச் செய்ய வேண்டாம். ஈரம் ஓர் அடி மேலே ஏறியதற்கு அந்தக் கெட்டிப் பூச்சே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப்போல அவை அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீரை மேலே இழுக்கின்றன. அப்படி ஏறிய நீர் சுவரின் மேற்பரப்பு வழியாகக் காற்றில் உலர்ந்து போகும்வரை, ஏறுவதும் உலர்வதும் ஏதோ ஓர் உயரத்தில் சமநிலைக்கு வந்து நின்றுவிடும். பெரும்பாலான வீடுகளில் அந்த உயரம் மூன்று, நான்கு அடியைத் தாண்டுவதில்லை. நீர் உலரும் பரப்பை நீர்புகாப் பூச்சாலும் பெயிண்டாலும் அடைத்துவிட்டால், கீழிருந்து வரும் நீர் நின்றுவிடாது. உலர்வதற்கு வழி கிடைக்கும் உயரம் வரை அது மேலும் ஏறும். ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். பூச்சுக்குப் பின்னால் அந்த உப்பு படிகமாகும்போது ஏற்படும் அழுத்தமே பூச்சைப் பொரித்துத் தள்ளுகிறது. உதிர்ந்த இடத்தில் பஞ்சைப்போல வெண்மையாக நிற்பது அந்த உப்புதான்.

ஆகவே முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்யுங்கள். ஈரம் தரையிலிருந்து சீரான உயரத்தில் சுவர் நெடுகப் பரவியிருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். ஓரிடத்தில் மட்டும் திட்டாகவோ, ஒரு மூலையில் மட்டும் உயரமாகவோ இருந்தால் குழாய்க் கசிவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சுவரின் மறுபுறத்தில் குளியலறையோ, அங்கணமோ, சுவருக்குள் புதைத்த குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் கசிவு இருப்பது தெரிந்துவிடும். உங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சோதனையும் உண்டு. கார் பருவ (ஆனி முதல் புரட்டாசி வரையிலான) நெல் சாகுபடிக்காகக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில், மழையே இல்லாதபோதும் சுவரில் ஈரம் கூடுகிறதா என்று கவனியுங்கள். கூடினால், கால்வாய் நீர் மண்ணுக்குள் பரவி உங்கள் அஸ்திவாரத்தைத் தொடுகிறது என்று பொருள்.

அடுத்து, வெளிப்புறத்தில் சுவரை ஒட்டி ஓரிடத்தில் மண்ணை விலக்கிப் பாருங்கள். முறையாகக் கட்டிய வீட்டில் பேஸ்மென்ட் மட்டத்தில், அதாவது அஸ்திவாரத்துக்கு மேல் வீட்டுத் தரைவரை எழும் மேடையின் உச்சியில், ஈரம் மேலேறாமல் தடுக்கும் டிபிசி பட்டை ஒன்று ஓடும். ஒன்றரை அங்குலக் கான்கிரீட்டாகவோ, தார் பூசிய கறுப்புக் கோடாகவோ அது தெரியும். பல வீடுகளில் இந்தப் பட்டை நல்ல நிலையில் இருந்தும் பயனற்றுப் போயிருக்கிறது. பூச்செடிக்காகச் சுவரோரம் கொட்டிய மண், முற்றத்தில் பின்னாளில் போட்ட சிமெண்ட் தளம், டிபிசியைத் தாண்டிக் கீழே மண்வரை இறங்கிய வெளிப்பூச்சு ஆகிய மூன்றில் எது இருந்தாலும் ஈரம் பட்டையைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும். அப்படியிருந்தால் மண்ணையும் தளத்தையும் பட்டைக்கு அரை அடி கீழே இறக்கி, அந்த உயரத்தில் வெளிப்பூச்சையும் வெட்டிவிடுவதே பாதி வைத்தியம். பிறகு வீட்டைச் சுற்றி இரண்டரை அடி முதல் மூன்று அடி அகலத்துக்கு, வெளிப்புறம் சரிவாக, கான்கிரீட் ஓரத்தளம் அமைத்து, மழைநீரும் துவைகல்லின் நீரும் சுவரோரம் நிற்காமல் ஓட வழி செய்யுங்கள்.

உட்புறச் சுவர் வேலையைக் கால்வாய் அடைபட்டிருக்கும் கோடையில் தொடங்குங்கள். ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு, செங்கல்லை வெறுமனே உலரவிடுங்கள். அதன் மீது பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து எடுத்து வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். டிபிசியே இல்லை என்று தெரிந்தால், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நான்கைந்து அங்குல இடைவெளியில் வரிசையாகத் துளையிட்டு, சிலேன் வகை மருந்தைச் செலுத்தி நீரை விலக்கும் பட்டை ஒன்றைச் சுவருக்குள்ளேயே உருவாக்கலாம். துளைகள் செங்கல் இணைப்புச் சாந்தின் வழியே, சுவரின் முழுக் கனத்துக்கும் போக வேண்டும். மேலோட்டமாகத் துளையிட்டால் செலவு வீண். இது முடிந்து சுவர் உலர்ந்த பிறகு, சுண்ணாம்புக் காரையாலோ சுண்ணாம்பு சேர்த்த மெலிந்த கலவையாலோ பூசி, மேலே வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். அந்த உயரம் வரை பட்டியும் (வால் புட்டி) வேண்டாம், பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம். பார்வைக்கு அவ்வளவு பளபளப்பாக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் சுவருக்குள் மிஞ்சியிருக்கும் ஈரம் வெளியேற அதுதான் வழி. முழு உலர்வுக்கு ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை அந்தச் சுவரை ஒட்டிப் பீரோவையும் கட்டிலையும் போட வேண்டாம்.

கேள்வி: பாய் விரித்தே படுக்கும் பழக்கம் எங்களுடையது. மழைக்காலத்தில் இரண்டு நாள் விரித்தபடி விட்டாலே கோரைப் பாயின் அடிப்புறம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. டைல்ஸ் தரையில் காலை வைத்தால் ஒட்டுகிறது. தரைக்கு அடியிலிருந்து நீர் வருகிறதா?
— வாசகர், பத்தமடை

பதில்: வரலாம், வராமலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை வெட்டி, துடைத்து உலர்ந்த தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளி இல்லாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். தாளைத் தூக்கும்போது அதன் அடிப்புறத்தில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் தரைக்குக் கீழிருந்து வருகிறது. டைல்ஸின் இணைப்புக் கோடு தாளுக்குள் வரும்படி வைக்க வேண்டும், ஏனென்றால் டைல்ஸின் மெருகுப் பரப்பு ஈரத்தை எளிதில் விடாது. அடிப்புறம் உலர்ந்து, தாளின் மேற்பரப்பு மட்டும் ஈரமாக இருந்தால், அறைக் காற்றில் உள்ள ஈரப்பதம் குளிர்ந்த தரையில் படிகிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது வகைதான் என்றால் தரையை உடைக்க வேண்டியதில்லை. மழை பெய்து புழுங்கும் நேரத்தில் சன்னலைத் திறந்துவைத்தால் ஈரக்காற்றே உள்ளே வரும். வெயில் வந்த பிறகு திறந்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். சமையல் ஆவியையும் குளியலறை ஆவியையும் நேரே வெளியேற்றும் சிறு விசிறி பொருத்துங்கள். பாயைக் காலையில் எழுந்ததும் சுருட்டி நிறுத்திவைக்கும் பழைய வழக்கமே பாயைக் காக்கும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர் நின்றது. வீட்டைக் கழுவி, வெள்ளையடித்துக் குடியேறிவிட்டோம். இப்போது இரண்டு அறைகளில் தரை லேசாக இறங்கியிருக்கிறது. தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது. சுவரோரம் எறும்பு ஈரமண்ணை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது.
— வாசகர், சிந்துபூந்துறை

பதில்: அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையோடு தாமிரபரணியின் வெள்ளமும் சேர்ந்துகொண்டது. ஆற்றோர வீடுகள் பலவற்றில் சுவருக்கு ஏற்பட்ட சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. பேஸ்மென்டுக்குள் ஏற்பட்ட சேதம் தெரியவில்லை. நம் வீடுகளில் தரைக்குக் கீழே இருப்பது இரண்டு, மூன்று அடி நிரப்பு மண். சரளோ செம்மண்ணோ இட்டு, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்தியிருந்தால் அது அசையாது. வீடு இடித்த கழிவையும் வண்டல் மண்ணையும் கொட்டி ஒரே மூச்சில் நிரப்பியிருந்தால், வெள்ளம் ஊறியபோது மண் அமிழ்ந்திருக்கும். கருங்கல் பேஸ்மென்டின் சந்துகள் வழியே நுண்மணல் வெள்ளத்தோடு வெளியேறியும் இருக்கும். தரை இப்போது வெற்றிடத்தின் மேல் நிற்கிறது. எறும்பு தள்ளும் ஈரமண்ணைப் பார்த்தால் உள்ளே ஈரம் இன்னும் வற்றவில்லை என்றும் தெரிகிறது.

ஒரு நாணயத்தால் தரை முழுவதையும் தட்டி, பொள் ஒலி வரும் எல்லையைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனி டைல்ஸ் மட்டும் ஒலித்தால் அது ஒட்டு விட்டுப்போன டைல்ஸாக இருக்கலாம். அறையின் பெரும்பகுதி ஒலித்து, தரையும் இறங்கியிருந்தால் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் வெளிப்புறக் கருங்கல் சந்துகளைச் சிமெண்ட் சாந்தால் இறுக அடைத்துவிட்டு, பிறகு அந்த அறைகளின் தளத்தை எடுத்து, ஊறிய வண்டலை அகற்றி, சரள் மண்ணை அரை அடிக்கு ஓர் அடுக்காக இட்டுக் கெட்டிப்படுத்தி, புதிதாகத் தளம் போட வேண்டும். ஒரு துளையிட்டுச் சிமெண்ட் பாலை ஊற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சிறிய வெற்றிடத்துக்கு அது சரி. ஊறிக்கிடக்கும் வண்டலுக்கு மேல் ஊற்றினால் கனம்தான் கூடும். தளம் திறந்திருக்கும் அந்தச் சமயத்தில் கரையான் மருந்தையும் அடித்துவிடுங்கள். கதவு நிலைகளின் அடிப்பகுதியை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். மரம் மெத்தென்று உள்வாங்கினால் அது மக்கத் தொடங்கிவிட்டது.

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் வீடு வாங்கியிருக்கிறாள். அந்த வீடு தரையோடு ஒட்டாமல், மூன்றடி உயரக் குட்டைச் சுவர் மேல் மரத்தளம் அமைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. கீழே தவழ்ந்து போகும் அளவுக்கு ஓர் இடைவெளி, அடியில் வெறும் மண். கோடையில் நாங்கள் போயிருந்தபோது வீடு முழுவதும் ஈரவாடை அடித்தது. கீழே பார்த்த நிறுவனத்தார், எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் மூடி இயந்திரம் வைக்க வேண்டும் என்று பெருந்தொகை கேட்கிறார்கள். காற்றோட்டத் துளைகளையும் அடைக்கப் போகிறார்களாம். காற்றுப் போகாமல் அடைத்தால் ஈரம் கூடாதா?
— பெற்றோர், பாளையங்கோட்டை

பதில்: அங்கே கிரால் ஸ்பேஸ் என்று சொல்லப்படும் இந்தத் தரையடி இடைவெளி நம் ஊர் வீடுகளில் கிடையாது. ஆனால் ஈரம் அங்கேயும் அதே மண்ணிலிருந்துதான் வருகிறது. நம் வீட்டில் கெடுவது சுவர்ப்பூச்சு, அங்கே கெடுவது வீட்டைத் தாங்கும் மரச்சட்டங்கள் என்பதால் உங்கள் மகள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மரத்தின் ஈர அளவு 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் மக்கவைக்கும் பூஞ்சைக்கு வழி பிறக்கும். அதை அளக்கும் சிறு கருவி அங்குள்ள இரும்புக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

காற்றோட்டத்தைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. நம் அனுபவம் மட்டுமல்ல, அமெரிக்கக் கட்டட விதிகளும் நெடுங்காலமாகத் துளைகளையே வற்புறுத்தி வந்தன. 150 சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடித் துளை என்பது அங்குள்ள வழக்கமான கணக்கு. குளிர்ந்த, உலர்ந்த காற்று உள்ள பருவத்தில் அது பயன் தரும். வட கரோலினா போன்ற இடங்களில் கோடைக்காற்று வெப்பமாகவும் ஈரமாகவும் இருக்கும். 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீது பட்டாலும் நீராகப் படியும். மண்ணின் குளிர்ச்சியாலும் மேலே ஓடும் ஏசியாலும் அந்த இடைவெளியில் உள்ள குழாய்களும் மரச்சட்டங்களும் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஆகவே கோடையில் துளை வழியே உள்ளே போகும் காற்று ஈரத்தை எடுத்துச் செல்வதற்குப் பதில் கொண்டுவந்து கொட்டுகிறது. துளையை அடைக்கச் சொல்வதில் தவறில்லை.

தவறு எங்கே நேரும் என்றால், வேலையின் வரிசையில். நீர் வரும் வழியை அடைக்காமல் பிளாஸ்டிக்கை விரித்தால் அதன் அடியில் குளம் கட்டும். முதல் வேலை வெளியே இருக்கிறது. கூரை ஓரத்து மழைநீர்த் தகரங்களைச் சுத்தம் செய்து, இறங்குகுழாய்களின் வாயைச் சுவரோரத்திலேயே விடாமல் பல அடி தள்ளி நீட்ட வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள மண் முதல் பத்தடிக்குள் ஆறு அங்குலமாவது வெளிப்புறம் சரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு மற்றவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பல வீடுகளில் நீர் தேங்குவது இதிலேயே ஓய்ந்துவிடுகிறது. அதன்பிறகும் கனமழையில் உள்ளே நீர் ஊறினால் ஓரங்களில் வடிகால் குழாய் பதித்து, தாழ்ந்த மூலையில் குழி எடுத்து, தானாக இயங்கும் பம்ப் வைக்க வேண்டும். கீழே ஓடும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் இணைப்புகளையும், துணி உலர்த்தும் இயந்திரத்தின் ஆவிக்குழாய் வெளியே போகாமல் அங்கேயே திறந்திருக்கிறதா என்பதையும் அந்தச் சமயத்தில் பார்த்துவிட வேண்டும்.

மண்ணை மூடுவது அடுத்த வேலை. குறைந்தது 0.15 மில்லிமீட்டர் கனமுள்ள பாலித்தீன் விரிப்பை, ஒன்றின் மேல் ஒன்று ஓர் அடி ஏறுமாறு பரப்பி ஒட்ட வேண்டும். ஆட்கள் உள்ளே போய்வரும் இடமானால் இதைவிடக் கனமானது நல்லது. முழுமையாக மூடும் முறையில் விரிப்பைச் சுவர்மேல் ஏற்றி, துளைகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள். அப்போது சுவரின் உச்சியில் மூன்று அங்குலத்தை மூடாமல் விடச் சொல்லுங்கள், கரையான் ஏறும் மண்தடத்தைக் கண்டுபிடிக்க அந்த இடம் தெரிய வேண்டும். எரிவாயுவில் இயங்கும் கொதிகலனோ சூடேற்றியோ அந்த இடைவெளியில் இருந்தால், அதற்குத் தேவையான காற்று எங்கிருந்து வரும் என்பதை உரிமம் பெற்ற ஆள் எழுதித் தராமல் துளைகளை அடைக்கக் கூடாது. இது உயிர் தொடர்பான விஷயம். மண்ணிலிருந்து எழும், கதிரியக்கமுள்ள ரேடான் வாயுவுக்கான சோதனையையும் வேலைக்கு முன்னும் பின்னும் செய்துகொள்ளட்டும்.

மகளிடம் நான் சொல்லச் சொல்வது இதுதான்: வெளி வேலையை முடித்துவிட்டு ஒரு மழையைப் பார்க்கட்டும். பிறகு வேறு இரண்டு நிறுவனங்களிடம், மர ஈர அளவை எழுத்தில் காட்டும் மதிப்பீடு வாங்கட்டும். அளவு எதையும் காட்டாமல் வாடையை மட்டும் சொல்லிப் பயமுறுத்தும் மதிப்பீட்டை ஏற்க வேண்டாம்.

கேள்வி: தெருவில் சாலை போடும்போதெல்லாம் உயர்ந்து உயர்ந்து, இப்போது எங்கள் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. மழைநீர் முன்கட்டுக்குள் வருகிறது. வீட்டுத் தரையை ஒன்றரை அடி உயர்த்திவிடலாம் என்று நினைக்கிறோம். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: இந்தத் துயரம் உங்களுக்கு மட்டுமல்ல. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அடுத்த முறை சாலை வேலை தொடங்கும் முன்பே தெருவாசிகள் சேர்ந்து அந்த அறிவுறுத்தலைக் குறிப்பிட்டுப் பேரூராட்சியில் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள்.

தரையை உயர்த்தும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பழைய டிபிசி பட்டை புது நிரப்பு மண்ணுக்குள் புதைந்துவிடும், அதற்கு மேலுள்ள சுவர் நேரே ஈரமண்ணைத் தொடும், இரண்டு ஆண்டில் ஓதம் முழங்கால் உயரத்துக்கு ஏறும். ஆகவே நிரப்பும் முன் சுவரின் உட்புறத்தைப் புதுத்தரை மட்டம் வரை நீர்புகாச் சாந்தால் பூசித் தார்ப்பூச்சும் கொடுக்க வேண்டும். புது மட்டத்துக்குச் சற்று மேலே, முதல் பதிலில் சொன்ன துளை வழி மருந்தையும் செலுத்த வேண்டும். நிலை, சன்னல் உயரங்களும் குறையும் என்பதால் ஒன்றரை அடி உயர்த்துவதற்கு முன், வாசலில் குறுக்காக ஓர் அகன்ற வடிகால் எடுத்து மேலே இரும்புக் கம்பித் தட்டி போட்டால் போதுமா என்று பாருங்கள். ஜாக்கி முறை, சுவர்களுக்குக் கீழே பெல்ட் கான்கிரீட் (சுவர் நெடுக ஓடும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை) கொடுக்க இடமுள்ள, சுவரில் விரிசல் இல்லாத வீடுகளுக்குப் பொருந்தும். அடுத்த வீட்டோடு பொதுச்சுவர் உள்ள உங்கள் தெரு வீடுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: கடலுக்கு அருகில் வீடு. மழையே இல்லாத மாதங்களிலும் இரவில் சுவர் ஈரமாகி, வெயில் ஏறியதும் உலர்கிறது. குழாய்க் கசிவு எதுவும் இல்லை.
— வாசகர், உவரி

பதில்: அது சுவருக்குள் இருக்கும் உப்பின் வேலை. கட்டும்போது உப்பு கலந்த மணலோ, உவர்நீரோ சாந்தில் சேர்ந்திருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரையில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அஸ்திவாரத்தில் என்ன தடுப்பு வைத்தாலும் இந்த ஈரம் போகாது. உப்பேறிய பூச்சை முழுவதும் அகற்றுவதுதான் வழி. பிறகு செங்கல்லின் மீது காகிதக்கூழையோ களிமண்ணையோ நல்ல தண்ணீரில் குழைத்து அப்பி, முழுக்க உலர்ந்ததும் உரித்து எடுத்தால், உப்பின் ஒரு பகுதி அதோடு வந்துவிடும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, உப்பில்லாத மணலும் நல்ல தண்ணீரும் கொண்டு சுண்ணாம்புக் காரை பூசுங்கள். கான்கிரீட் தூணிலோ கூரையிலோ துருக்கறையும் நீளவாக்கில் விரிசலும் தெரிந்தால், அது கம்பியை உப்பு தின்பதன் அடையாளம். பூச்சு வேலைக்கு முன் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கரிசல் மண்ணில் கட்டிய வீட்டில் மழைக்காலத்தில் தரை உப்பி, கோடையில் சுவரோரம் வெடிக்கிறது. ஏன்?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கரிசல் நீர் குடித்தால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். ஆண்டு முழுவதும் அதன் ஈரம் ஒரே அளவில் இருக்குமாறு செய்வதே நம் கையில் உள்ளது. வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்காவது சரிவான ஓரத்தளம், சுவரிலிருந்து தள்ளி மரங்கள், கசிவற்ற குழாய்கள், தள்ளி அமைந்த உறிஞ்சு குழி ஆகியவை இருந்தால் விரிசல் பெருமளவு குறையும். தரைக்கு அடியில் உள்ள கரிசலை மூன்றடி ஆழத்துக்கு எடுத்துவிட்டுச் சரள் நிரப்பினால் தரை உப்புவதும் கட்டுப்படும்.

கேள்வி: நெல்வயலை மனையாக்கி விற்ற இடத்தில் மனை வாங்கியிருக்கிறோம். தை மாதம் வேலை தொடங்குகிறோம். பின்னாளில் ஓதம் வராமலிருக்க இப்போதே என்ன செய்ய வேண்டும்?
— தம்பதியர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்களைப்போல முன்கூட்டியே கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவது மனநிறைவு தருகிறது, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் ஆகும் செலவு பின்னால் ஆவதில் சிறுபங்குதான். மனையைச் சுற்றி இன்னும் பிசான நெல் (மழைக்காலப் போகம்) விளைகிறது என்றால், வயலில் நீர் நிற்கும் இப்போதே ஒரு மூலையில் ஐந்தடிக் குழி தோண்டி, ஊற்று எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். தை, மாசியில் அஸ்திவாரம் தோண்டும்போது நீர்மட்டம் இறங்கிவிட்டால் அது ஏமாற்றிவிடும். பழைய வாய்க்கால் உங்கள் மனைக்குள் ஓடியிருந்தால் அதை மண்ணால் மூடிவிடாதீர்கள். தண்ணீர் பழைய தடத்தையே தேடி வரும். குழாய் பதித்தாவது அதற்கு வழி விடுங்கள்.

சுற்றுத்தரையிலிருந்து பேஸ்மென்ட் ஒன்றரை அடியாவது உயர வேண்டும் என்பது பொது விதி. வயல் மனையில், எதிரிலுள்ள சாலை இன்னும் உயரும் என்பதையும் கணக்கில் கொண்டு மூன்றடி வையுங்கள். வயல் வண்டலைத் தோண்டி அதையே தரைக்கு அடியில் நிரப்ப விடாதீர்கள். சரள் மண்ணை அரை அடி அடுக்குகளாக இட்டுக் கெட்டிப்படுத்தி, கரையான் மருந்து அடித்து, மேலே மணல் பரப்பி, 250 மைக்ரான் பாலித்தீன் விரிப்பைச் சுவர் வரை ஏற்றி விரித்து, அதன் மீது தளக் கான்கிரீட் போட வேண்டும். பேஸ்மென்ட் உச்சியில் ஓடும் பிளிந்த் பீமின் கான்கிரீட் நெருக்கமாக அமைந்து, மேலே நீர்புகாப் பூச்சும் இருந்தால் அதுவே தடுப்பாகும். பீம் இல்லாத சுவர்களுக்கு 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் நீர்புகாத் திரவம் சேர்த்து ஒன்றரை அங்குல டிபிசி, அதன் மேல் சூடான தார் இரண்டு கை கொடுக்க வேண்டும். திரவம் சிமெண்ட் மூட்டைக்கு எவ்வளவு என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். பெரும்பாலானவற்றுக்கு 200 மில்லி. கண்பார்வையில் ஊற்ற விடாமல் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். குளியலறைச் சுவர்களிலும், வாசல் நிலைகளுக்குக் கீழேயும் இந்தப் பட்டை விட்டுப்போவது வழக்கமாக நடக்கும் தவறு. பட்டை எந்த இடத்திலும் அறுபடாமல் வீட்டைச் சுற்றி ஓடுகிறதா என்பதை, முதல் வரிசைச் செங்கல் அதன் மேல் ஏறும் முன்பு நீங்களே நடந்து பார்த்து, ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.